ஒரு மரக்கால் தவிடு

எங்கள் வீட்டுக்கு ஊரில் தவிட்டு வீடு என்று பெயர். மாடு கன்று எதுவும் இல்லாத வீட்டில் தவிட்டுக்கு என்ன வேலை என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. தெரியாவிட்டாலும் கூப்பிடுவதை நிறுத்த மாட்டார்கள். ரேஷன் கடை வரிசையில் அப்பா தவிட்டு வீட்டுக்காரர். நான் தவிட்டு வீட்டுப் பெரியது. பள்ளிக்கூடத்தில் என்னைத் தவுடு என்று கூப்பிட்ட ஒருத்தியின் சிலேட்டைப் பிடுங்கி உடைத்திருக்கிறேன். என் தங்கை அப்படியில்லை. தவுடு என்றால் சிரித்துவிட்டுப் போவாள். அவளுக்கும் எனக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அம்மா போனபோது அவளுக்கு ஏழு வயது. அதன் பிறகு அவளுக்குத் தலை பின்னியது, காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்தது, வயசுக்கு வந்தபோது மூலையில் உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றியது எல்லாம் நான்தான். பின்னால் நான் செய்ததைப் படிக்கும்போது இதுவும் ஞாபகம் இருக்கட்டும் என்பதற்காக இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

மரக்காணத்து உப்பளங்களுக்கு மேற்கே, கழுவெளி உப்பங்கழியில் சேரும் ஓடையை ஒட்டிய ஊர் எங்களுடையது. அப்பா உப்பளத்தில் கூலி வேலை பார்த்தார். 2004 டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடல் எங்கள் தெருவுக்கு நேராக வரவில்லை. கழுவெளி வழியாக உப்பளத்துக்குள் புகுந்து, அங்கிருந்து ஓடை ஏறி, முழங்கால் அளவுக்கு வீட்டுக்குள் வந்து நின்றது. கரையோரக் குப்பங்களில் பிணம் தேடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் நனைந்தது ஒரு மூட்டை அரிசியும், கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியும்தான். அதை ஒரு நஷ்டம் என்று சொல்லவே வாய் கூசியது.

மூன்றாம் நாள் அந்தப் பெட்டியை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய்க் கவிழ்த்தேன். தீர்வை ரசீதுகள், ஒரு பாகப் பத்திரம், அம்மாவின் பள்ளிச் சான்றிதழ், எல்லாம் கூழாகியிருந்தன. தப்பித்தது ஓர் ஓலை மட்டும். என் தாத்தாவின், அதாவது அப்பாவின் அப்பாவின், ஜாதக ஓலை. கீறிய எழுத்தானதால் தண்ணீர் அதை ஒன்றும் செய்யவில்லை. விளக்குக் கரியைத் தடவித் துடைத்ததும் எழுத்து எழுந்து வந்தது. வருஷம், மாதம், தேதி, நட்சத்திரம், கட்டம். அதற்குக் கீழே தனியாக ஒரு வரி: ‘ஒரு மரக்கால் தவிட்டுக்கு வாங்கின பிள்ளை.’

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடம் பிடித்தால் என் அம்மா என்னையும் ‘உன்னத் தவுட்டுக்குத்தான் வாங்கினோம்’ என்று சொல்லித்தான் அழவைப்பாள். கீழே இறங்கி வந்து அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் சுவரில் படிந்த சேற்றைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“அப்படியா போட்டிருக்குது? எங்கப்பாவுக்கு மூக்குல ஓட்ட இருக்கும்மா. சின்னதுல வளையம் போட்டிருந்தாங்களாம். சவரம் பண்ணும்போது அதுல சோப்பு போய் அடச்சிக்கும்.”

பேச்சு எங்கேயோ போகிறது என்று நினைத்து நான் மேலே கேட்கவில்லை.

அப்போது எனக்கு முப்பத்து மூன்று வயது. திண்டிவனத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகும் என்ற நினைப்பையும் விட்டிருந்தேன். அந்த ஜனவரியிலிருந்து நான் தட்டியதெல்லாம் குப்பத்து மனுக்கள். காணாமல் போனவர், அவர் தகப்பனார் பெயர், வயது, அடையாளம். ஒரு பெண், கையில் குழந்தையோடு, தன் புருஷன் இருந்ததற்கு எந்தக் காகிதமும் இல்லாமல் வந்து நின்றாள். ரேஷன் கார்டில் இல்லை, ஓட்டர் பட்டியலில் இல்லை, போட்டோவும் இல்லை. “இந்தப் புள்ள அவருது மாதிரியே இருக்குதும்மா, பாருங்க” என்று குழந்தையின் முகத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். முகத்தை மனுவோடு இணைக்க முடியாது என்று நான் சொன்னேன். இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் காகிதம்தான் கடைசியில் நிற்கும் என்று அந்த வேலை எனக்குள் ஏற்றியிருந்தது.

சித்திரையில் தங்கைக்கு இடம் வந்தது. கீழ்புத்துப்பட்டுக்காரர்கள். பையன் புதுச்சேரியில் எலக்ட்ரீஷியன். இரண்டு தலைமுறைக்கு முன்னால் அவர்களும் எங்கள் ஊர்தானாம். சவுக்கு போட நிலம் வாங்கிக்கொண்டு தெற்கே போனவர்கள். பையன் என் தங்கையைப் பார்த்துவிட்டு வேறு எங்கேயும் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அவளும்தான். மரக்காணத்தில் தையல் கடையில் வேலை பார்த்தவள், மதியம் சாப்பாட்டு வேளையில் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்வர ஆரம்பித்தாள். வீட்டுக்குள் பாடிக்கொண்டே நடந்தாள். அந்த வீட்டில் யாரும் பாடி நான் கேட்டதில்லை.

நிச்சயதார்த்தத்தன்று லக்கினப் பத்திரிகையை என்னையே எழுதச் சொன்னார்கள். பையனுக்கு அப்பா, தாத்தா, பூட்டன் வரை பெயர் சொன்னார்கள். எங்கள் பக்கம் தாத்தாவோடு நின்றுவிட்டது. பையனின் அப்பா தமாஷானவர். அவரை மாமா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன். வெற்றிலை போட்டுக்கொண்டே கேட்டார்:

“அது இன்னாங்க தவிட்டு வீடு? தவுடு வித்தவங்களா, தின்னவங்களா?”

கூடம் முழுக்கச் சிரித்தது. அப்பா சிரித்தார். தங்கையும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். எனக்கு மட்டும் சுர்ரென்று ஏறியது. கல்யாணத்துக்குள் எங்கள் வம்சத்தை நாலு தலைமுறைக்கு எடுத்து இவர் முன்னால் வைக்கிறேனா இல்லையா பார் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். ஆவணியில் கல்யாணம் என்று நாள் குறித்தார்கள்.

எங்களைப் போன்றவர்களின் முன்னோரைத் தேடுவது லேசான வேலையில்லை. குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. இன்னார் மகன் இன்னார், அவ்வளவுதான். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கிற வழக்கத்தால் அதே இரண்டு பெயர்தான் மாறி மாறி வரும். பழைய நில ஆவணம் ஒன்றில் என் பூட்டனைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று குதித்தேன். மறுநாள் பார்த்தால் அவர் என் பெரியப்பா. செக்கு மாடு போல ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில்தான் பிறப்புப் பதிவேடு ஞாபகம் வந்தது. ஓலையில் இருந்த தமிழ்த் தேதியை ஜோசியரிடம் கொடுத்து இங்கிலீஷ் தேதியாக மாற்றிக்கொண்டேன். வக்கீல் வேலையாகப் போய்வந்து பழகிய ஓர் அலுவலகத்தின் பழைய கட்டுகளில், எங்கள் ஊர்ப் பதிவேடு செல்லரித்து ஆனால் முழுசாக இருந்தது.

அந்தத் தேதியில் எங்கள் ஊரில் ஒரே ஒரு ஆண் குழந்தை பிறந்திருந்தது. தகப்பன் பெயர், தாய் பெயர் என்ற கட்டங்களைப் படித்தேன். எங்கள் வீட்டில் மாறி மாறி வரும் அந்த இரண்டு பெயரில் ஒன்றுமில்லை. மறுபடி படித்தேன். தகப்பன் பெயர் எனக்குத் தெரிந்த பெயர். சித்திரையில் என் கையாலேயே லக்கினப் பத்திரிகையில் எழுதியது. பையனுடைய பூட்டனின் பெயர்.

என் தாத்தா அந்த வீட்டில் பிறந்து, தவிட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர் என்றால், அப்பாவும் பையனின் அப்பாவும் ஒரே தாத்தாவின் வழி. பங்காளிகள். என் தங்கைக்கு அந்தப் பையன் அண்ணன் முறை. அவள் பாடிக்கொண்டே நடந்தது கண்ணுக்கு முன்னால் வந்தது.

அதன் பிறகு அந்தப் பதிவேட்டில் நான் ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. வேண்டியது கிடைத்துவிட்டது என்று நகலுக்கு எழுதிக்கொடுத்து, முத்திரையோடு கையில் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. தங்கையிடம் சொன்னால் ‘கிழிச்சிப் போடுக்கா’ என்பாள் என்று தெரியும். கிழித்துப்போட்டு, நாளைக்கு அவளுக்குக் கைகால் விளங்காத குழந்தை பிறந்தால்? சாமி குத்தம் என்று ஊர் சொன்னால்? இப்படியெல்லாம் காரணம் வைத்திருந்தேன். எல்லாமே உண்மையான பயம்தான். ஆனால் முத்திரை குத்திய அந்தக் காகிதத்தை நான் கண்டுபிடித்தேன் என்ற இறுமாப்பும் கூடவே இருந்தது. தங்கைக்கு முதலில் ஆகிறதே என்ற பொறாமை இருந்ததா என்று ஊரே பேசியது. இல்லை என்று அடித்துச் சொல்ல அப்போது முடிந்தது. இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல வரவில்லை.

நாலாம் நாள் பஸ் ஏறிக் கீழ்புத்துப்பட்டுக்குப் போனேன். அவர் சவுக்குத் தோப்பில் இருந்தார். “வாம்மா வாம்மா” என்று துண்டை உதறிப் போட்டு உட்காரச் சொன்னார். மாமா என்று வாய் வரை வந்தது. பெரியப்பா என்று கூப்பிட வேண்டுமோ என்று தோன்றியது. ஒன்றும் கூப்பிடாமல் நகலை நீட்டினேன், ஓலையையும் காட்டினேன்.

அவர் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“ஏம்மா, இதுக்கா இவ்வளவு தூரம் வந்த? தவுட்டுக்கு வாங்கறதுன்றது சாங்கியம்மா. புள்ள தங்காத வீட்டுல, அடுத்தவங்க கையில குடுத்து, தவுடு போட்டுத் திருப்பி வாங்கிக்குவாங்க. எமன் ஏமாந்து போறதுக்கு. அந்தக் காலத்துல எங்க வீடு பக்கத்து வீடா இருந்திருக்கும், கையில வாங்கியிருப்பாங்க. அவ்ளோதான்.”

அங்கேயே எழுந்து கும்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். அவர் கதவைத் திறந்து வைத்திருந்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“சாங்கியத்துக்கு யாராவது கவர்மெண்ட் ரிஜிஸ்டர்ல எழுதுவாங்களா? சும்மா கையில வாங்கினதுன்னா பொறப்பு எங்க வீட்டு மேல இல்ல பதிவாகியிருக்கும்? தகப்பன் பேருன்னு உங்க தாத்தா பேரு இருக்குது, பாருங்க.”

அவர் நகலை வாங்கிக் கண்ணருகில் வைத்துப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. பங்காளிகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார்.

பத்து நாளில் சொல்லி அனுப்பினார்கள். சந்தேகம் என்று வந்துவிட்டால் பண்ணக் கூடாது என்று அவர்கள் பெரியவர்கள் தீர்த்துவிட்டார்களாம். பையன் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தானாம். அதையும் சொல்லித்தான் அனுப்பினார்கள், மரியாதையானவர்கள்.

அன்று சாயங்காலம் அப்பாவையும் தங்கையையும் உட்கார வைத்து நகலைக் காட்டினேன். அப்பா முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்:

“எங்கப்பாவுக்கு மூக்குல ஓட்ட...”

“மூக்குக்கும் இதுக்கும் என்னப்பா சம்பந்தம்? எழுத்துல இருக்குது!” என்று கத்தினேன். அவர் வாயை மூடிக்கொண்டார்.

தங்கை ஒன்றுதான் கேட்டாள். “எங்கிட்ட சொல்லாம அங்க ஏங்க்கா போன?” அவள் எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். அன்றைக்குச் சோறு வடித்தாள், குழம்பு வைத்தாள், எல்லாருக்கும் போட்டாள். அழுதால் சமாதானம் செய்யலாம் என்று நான் தயாராக இருந்தேன். அவள் அழவில்லை.

அதற்கப்புறம் நல்ல இடம் எதுவும் வரவில்லை. அண்ணன் முறைக்காரனோடு பூத்தில் பேசியவள் என்று ஒரு பேச்சு கிளம்பி, அது எங்களுக்கு முன்னாலேயே ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. தையல் கடையில் கூட இருந்தவர்கள் கேட்ட கேள்வியில் அந்த வேலையை விட்டாள். தை மாதம் பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. அந்த வாரமே என் தங்கை அப்பாவோடு உப்பளத்துக்குப் போக ஆரம்பித்தாள். உப்பளத்தின் பக்கமே அவளை அனுப்பக் கூடாது என்றுதான் நான் தையல் பழக வைத்திருந்தேன். சேறு புகுந்து கெட்டுப்போன பாத்திகளில் புதுக் களிமண் போட்டு மிதிக்கும் வேலை. ஒரு மாதத்தில் அவள் பாதம் வெடித்துவிட்டது. தேங்காய் எண்ணெய் காய்ச்சிக் கொண்டுபோய் வைத்தேன். அது வைத்த இடத்திலேயே இருந்தது.

2006 வைகாசியில், வேறொருவர் வழக்குக்காக ஒரு பழைய இறப்பு நகல் எடுக்க அதே அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் ஊர் இறப்புப் பதிவேடும் அதே கட்டில் இருந்தது. ஏன் பிரித்தேன் என்று தெரியவில்லை, பழக்கதோஷம்தான். தாத்தா பிறந்த வருஷத்துக்கு முந்தைய பக்கங்கள். என் பூட்டன் பெயர் அங்கே இருந்தது. பெரியப்பாவுக்கு வைத்த அதே பெயர், போன வருஷம் நான் தேடித் திரிந்த பெயர். தகப்பன் என்ற கட்டத்தில்.

ஆண் குழந்தை, பெயரிடவில்லை, எட்டு நாள். அடுத்த வருஷம், ஆண் குழந்தை, பெயரிடவில்லை, பதினோரு நாள். அப்புறம் ஒரு பெண் குழந்தை, மூன்று மாதம். அப்புறம் மறுபடி ஆண், ஒரே நாள். நாலு பேர். எல்லாம் எங்கள் வீடு.

பிறப்புப் பதிவேட்டை எடுத்தேன். தாத்தா பிறந்ததாக இருந்த அந்த வரியிலிருந்து பின்னால் புரட்டினேன். நாலு பக்கம்தான். பையனின் பூட்டன் வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்து பதிவாகியிருந்தது. அதே தகப்பன், அதே தாய். என் தாத்தா பிறப்பதற்கு ஐந்து மாதத்துக்கு முன்னால்.

ஐந்து மாத இடைவெளியில் எந்தத் தாயும் இரண்டு பிள்ளை பெற மாட்டாள். அந்தப் பிள்ளை அவர்களுடையதே இல்லை. நாலு குழந்தையைப் புதைத்த என் பூட்டன், ஐந்தாவதைப் பக்கத்து வீட்டுக் கையில் கொடுத்து, தவிட்டுக்கு வாங்கி, மூக்கைக் குத்தி, அதுவும் போதாதென்று பதிவேடு எழுதும் கிராம முன்சீப்பிடம் போய்ப் பிறப்பையே அந்த வீட்டு மேல் எழுத வைத்திருக்கிறார். எமன் பதிவேட்டைப் பார்த்து வந்தாலும் எங்கள் வீட்டில் பிள்ளை இருக்கக் கூடாது. பயத்தில் செய்த வேலை. அதைத்தான் நான் முத்திரை வாங்கிக்கொண்டு போய் நீட்டினேன். இவ்வளவுக்கும் சாட்சியான அந்த மூக்கு ஓட்டையை அப்பா இரண்டு தரம் சொன்னார். பிள்ளை தங்காத வீட்டில் ஆண் குழந்தைக்கும் மூக்குக் குத்துவார்கள் என்பது எனக்கும் தெரிந்ததுதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பதிவேடு கொண்டுவந்த அம்மாள் தண்ணீர் கொடுத்தார்.

வீட்டில் அப்பாதான் இருந்தார். சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

“உங்களுக்குத் தெரியுமாப்பா?”

“மூக்கு குத்துனா அதுக்குத்தாம்மா. தெரியாம இன்னா?”

“அப்ப ஏம்ப்பா சொல்லல?”

“சொன்னேனே. நீ படிச்சவ. எழுத்துல இருக்குதுன்ன. சீல் வேற போட்டிருந்துது. எங்கப்பன் மூக்கப் பத்திப் பேசி நான் இன்னாத்த ஜெயிக்கிறது?” என்றார். குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் புது நகல்களை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். தங்கை பாத்தியில் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தாள். வெள்ளை வெயில் கண்ணைக் கூசவைத்தது. வரப்புக்கு ஏறி வந்தாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு செய்துவிட்டேன் என்றும் சொன்னேன். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நகலை வாங்கி, ஒவ்வொரு வரியாக, உதடு அசையப் படித்தாள்.

“நாலு பேரா?”

“நாலு பேர்.”

அவள் காகிதத்தில் பட்ட உப்பைத் தட்டிவிட்டாள்.

“நாலு புள்ளைய வாரிக் குடுத்துட்டு, அஞ்சாவது ஒண்ணாவது பொழைக்கணும்னு எமன்கிட்டயே பொய் சொல்லியிருக்காங்க. கவர்மெண்டுகிட்டயும் சொல்லியிருக்காங்க. எனக்காக நீ பொய்கூட சொல்ல வேணாங்க்கா. வாய மூடிக்கினு இருந்தா போதும். அது முடியல உன்னால.”

அவள் குரலை உயர்த்தவே இல்லை. நகலை மடித்து என் கையில் வைத்தாள்.

“நனையாம எடுத்துக்கினு போ” என்று சொல்லிவிட்டு, உப்பு வாரும் பலகையை எடுத்துக்கொண்டு பாத்தியில் இறங்கினாள்.

நனையாமல்தான் கொண்டுவந்து சேர்த்தேன்.